கூரை ஒழுகியது, ஓட்டை மட்டும் இல்லை

இந்த நாட்டுக்கு வந்து முதல் 6 வருடம் வாடகை வீடு. கூரை வீட்டுக்காரர் கவலை, நாங்கள் அண்ணாந்துகூடப் பார்த்ததில்லை. மழையை மட்டுமே பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கூரையைப் பற்றித் தெரிந்தது ஒன்றுதான்: ஒழுகுகிறது என்றால் மேலே எங்கோ ஓட்டை இருக்கிறது. சொந்த வீட்டில் வந்த முதல் பனிக்காலத்தில் அந்தக் கணக்கு எடுபடவில்லை.

பனி கொட்டி இரண்டு வாரத்தில் கூரை விளிம்பு முழுக்கக் கை நீளத்துக்குப் பனிக்கட்டிகள் தொங்கின. பார்க்க அவ்வளவு அழகு. பிள்ளைகள் அதன் கீழே நின்று போட்டோ எடுத்தார்கள், ஒன்று உடைந்து தலையில் விழுந்திருந்தால் என்று இப்போது நினைத்தாலும் எனக்குப் பதறுகிறது. சில நாளில் படுக்கையறையில், சீலிங்கும் வெளிச்சுவரும் சேரும் மூலையில், தேநீர் சிந்தியதுபோல ஒரு கறை. வெளியே எல்லாம் உறைந்து கிடக்கிறது, ஒரு சொட்டு மழை இல்லை, தண்ணீர் எப்படி வரும்?

எதிர் வீட்டுப் பெரியவர்தான் விளக்கினார். தெருவில் நின்று இரண்டு கூரைகளையும் காட்டினார்: அவர் கூரையில் பனி அப்படியே மூடிக் கிடந்தது, எங்கள் கூரையின் மேல்பாதியில் மட்டும் கரைந்து கறுப்பாகத் தெரிந்தது. வீட்டுக்குள் நாம் போடும் ஹீட்டரின் சூடு சீலிங் இடுக்குகள் வழியாக, சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவில் உள்ள அட்டிக்குக்கு ஏறி, கூரையை அடியிலிருந்து சூடாக்குகிறது. பனி உருகித் தண்ணீராக இறங்கி, சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் குளிர்ந்த விளிம்புக்கு வந்ததும் மறுபடி உறைகிறது. அது வரம்பு கட்டியதுபோல உயர்ந்து பின்னால் தண்ணீரைத் தேக்க, தேங்கிய தண்ணீர், கூரைமேல் ஓடுபோல அடுக்கியிருக்கும் ஷிங்கிள்ஸ் அடியில் புகுந்து உள்ளே வருகிறது. இங்கே இதை ஐஸ் டேம் என்கிறார்கள். ஓட்டையே வேண்டாம், ஷிங்கிள்ஸ் மேலிருந்து கீழே ஓடும் தண்ணீருக்குத்தான் அடுக்கப்பட்டவை, தேங்கி நிற்கும் தண்ணீருக்கு அல்ல.

அதனால் அடுத்த இலையுதிர் காலத்தில் வேலையை அட்டிக்கில்தான் தொடங்கினோம். மின்விளக்குத் துளைகள், குழாய் ஏறும் இடங்கள், அட்டிக்குக்கு ஏறும் மூடியின் ஓரம் எல்லாவற்றிலும் காற்று கசிந்தது. முதலில் அவற்றை அடைத்து, அப்புறம் மேலே சூடு ஏறாமல் தடுக்கும் இன்சுலேஷன் போட வேண்டும், இந்த வரிசை முக்கியம். கூரை விளிம்புக்கு அடியில் உள்ள காற்றுத் துளைகளை இன்சுலேஷன் மூடிவிடக் கூடாது, வெளிக்குளிர் அந்த வழியாக நுழைந்து உச்சி வழியாக வெளியேறினால்தான் கூரை முழுக்க ஒரே குளிரில் இருக்கும். குளியலறை ஃபேனின் குழாய் வெளியே போகாமல் அட்டிக்குக்குள்ளேயே திறந்து கிடந்ததையும் அப்போதுதான் கண்டோம். எத்தனை குளியலின் ஆவி அங்கே போய்ப் பலகையை நனைத்ததோ!

அப்புறம் கூரைப் பீலி, அதாவது கூரைத் தண்ணீரை விளிம்பில் வாங்கிக் குழாயில் விடும் வாய்க்கால். இலையில் பெரும்பகுதி உதிர்ந்த பிறகு, ஆனால் உறைபனி பிடிப்பதற்கு முன்னால் சுத்தம் செய்ய வேண்டும், அந்த இடைவெளி சில வாரங்கள்தான். அடைந்த பீலியில் தண்ணீர் நின்று உறைந்தால் சுமார் 9 சதவீதம் விரியும், மூட்டுகள் விட்டுப்போகும், பாரத்தில் பீலியே சுவரைவிட்டுக் கழன்று வரும். குப்பையை அள்ளிய பிறகு ஹோஸில் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். ஒரு இடத்தில் தேங்கியது, பிடிமானத்தைச் சரிசெய்தோம். 10 அடிக்குக் கால் அங்குலமாவது சரிவு இருக்க வேண்டுமாம். கீழே இறங்கும் குழாயின் முனையைச் சுவரிலிருந்து சில அடி தள்ளி நீட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கூரையில் தப்பிய தண்ணீர் அடித்தளத்தில் இறங்கும்.

ஏணி விஷயத்தில் அவசரம் வேண்டாம். ஏணி 4 அடி உயரத்துக்கு 1 அடி வீதம் சுவரிலிருந்து தள்ளி நிற்க வேண்டும், பீலியின்மேல் சாய்க்கக் கூடாது, கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு மாடி வீடென்றால் ஆள் வைத்துச் செய்வதே சரி. ஷிங்கிள்ஸ் கிழிந்திருக்கிறதா, புகைபோக்கியைச் சுற்றிய தகடு எழும்பியிருக்கிறதா என்பதைத் தரையில் நின்று பைனாகுலரில் பார்த்தாலே தெரியும்.

பனி கொட்டினால் நீளக் கைப்பிடி வாரியால் தரையிலிருந்தே விளிம்பில் 3, 4 அடி அளவுக்கு இழுத்துவிடுகிறோம். கட்டியான பிறகு சுத்தியலால் தட்டவே தட்டாதீர்கள், ஷிங்கிள்ஸும் சேர்ந்து உடையும். சாதாரண உப்பும் வேண்டாம், ஆணியையும் தகட்டையும் அரிக்கும், கீழே செடி கருகும்.

போன பனிக்காலத்தில் எங்கள் கூரையிலும் பனி கரையாமல் கிடந்தது, மூலையில் புதிதாகக் கறை இல்லை. இந்த வருடம் பக்கத்து மரம் இன்னும் பாதி இலையோடு நிற்கிறது, அது கொட்டி முடித்ததும் ஏணியை வெளியே எடுக்க வேண்டும்.