பசிக்கிறது என்றவருக்கு 410 கலோரி

அந்த அம்மாவிடம் நான் சொன்னது தப்பில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கீழே படிக்கிறவர்கள் ஏதோ செய்யக்கூடாததைச் செய்துவிட்டுப் புலம்புகிறாள் என்று நினைத்துவிடுவார்கள். நாளைக்கே அதே கேஸ் வந்தாலும் கிட்டத்தட்ட அதையேதான் எழுதுவேன்.

வார்டில் டயட்டீஷியனாக இருப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். உணவுக்குழாய் சுருங்கிப்போய் மூன்று வாரமாகத் தண்ணீரைத் தவிர எதுவும் சரியாக இறங்காத மனிதர். எண்டோஸ்கோப்பி வழியாகச் சுருக்கத்தை விரித்துவிட்டிருந்தார்கள். எடை 41 கிலோ. இப்போது விழுங்க முடிகிறது, அகோரமாகப் பசிக்கிறது. நான் சார்ட்டில் எழுதியது கிலோவுக்கு 10 கலோரி, ஆக நாள் முழுக்க 410. அதற்கும் முன்னால் தயமின் ஊசி. அது போட்ட பிறகுதான் முதல் பால்.

"ஏம்மா, இத்தனை நாள் ஒரு வாய்கூட இறங்கலையேன்னு அழுதுட்டிருந்தோம். இப்ப அவரே பசிக்குதுங்கிறார், நீங்க அளந்து குடுன்னு சொல்றீங்க. நான் அவர்கிட்ட என்னன்னு சொல்றது?"

அவர் மனைவி கேட்டது இவ்வளவுதான். நான் பதில் சொன்னேன், நன்றாகவே சொன்னேன். பட்டினி கிடக்கும்போது உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் எரித்துக் காலத்தை ஓட்டும், இன்சுலின் அடங்கிக் கிடக்கும். திடீரென்று மாவுச்சத்து நிறைய உள்ளே போனால் இன்சுலின் எகிறும், இரத்தத்தில் இருக்கிற பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாவற்றையும் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். கையிருப்பு ஏற்கனவே காலி என்பதால் இரத்தத்தில் அளவு சட்டென்று விழும். பாஸ்பேட் இல்லாமல் செல்களுக்குச் சக்தி தரும் ஏடிபி உருவாகாது, ஏடிபி இல்லாமல் இதயமும் மூச்சுத் தசைகளும் ஓடாது. தயமின், அதாவது வைட்டமின் பி1, உடம்பில் மொத்தமே 30 மில்லிகிராம் அளவுதான் இருக்கும். உள்ளே வராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும், அந்த நிலையில் குளுக்கோஸ் வந்து இறங்கினால் மூளைக்கே ஆபத்து. இதைத்தான் ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்கிறோம். இத்தனையையும் வேதியியல் இல்லாமல், ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த பட்டறையில் எல்லா மெஷினையும் ஒரே நேரத்தில் போட்டால் ஃபியூஸ் போய்விடும் இல்லையா, அதுபோலத்தான் அம்மா என்று சொல்லிப் புரியவைத்தேன்.

"மெஷினுக்குப் பசிக்குமா?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை.

இத்தனைக்கும் அவர் "ஏன்" என்று கேட்கவே இல்லை. கணவரிடம் என்ன சொல்வது என்றுதான் கேட்டார். கேட்காத கேள்விக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று தோன்றியது வீட்டுக்கு வந்த பிறகு. ஆனால் அந்த இடத்தில் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? 1945-ல் வதை முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில், இரக்கப்பட்டுக் கொடுத்த கனமான உணவைச் சாப்பிட்ட பிறகு இறந்துபோனவர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். அது நாக்கு நுனி வரை வந்தது. நல்லவேளை, சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் அவர் பயந்து அடங்கியிருப்பார், எனக்கும் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

தயமின் பார்மசியிலிருந்து வரத் தாமதமாயிற்று. பால் மட்டும் வந்துவிட்டது, கட்டிலோரம் ஸ்டூலில் ஆறிக்கொண்டிருந்தது. மேலே ஆடை படிந்து சுருங்கியது. அந்த அம்மா அதை விரல் நுனியில் ஒதுக்கி எடுத்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார், அப்புறம் கணவரின் நாக்கில் வைத்தார். நான் கையிலிருந்த சார்ட்டைப் புரட்டினேன். ஊசிக்கு முன்னால் எதுவும் வாயில் போகக்கூடாது என்று எழுதியவள் நான்தான். பாலாடை பெரும்பாலும் கொழுப்பும் புரதமும், மாவுச்சத்து இல்லை என்றே சொல்லலாம், அந்தத் துளிக்கு இன்சுலின் ஒன்றும் எகிறப்போவதில்லை. இதெல்லாம் உண்மை. ஆனால் அந்த நொடியில் நான் இந்தக் கணக்கெல்லாம் போடவில்லை, சும்மா தலையைக் குனிந்துகொண்டேன். சார்ட்டிலும் எழுதவில்லை.

மறுநாள் ரிப்போர்ட்டில் பாஸ்பேட் 2.7-லிருந்து 2.3-க்கு இறங்கியிருந்தது. 2.5-க்குக் கீழே போனால் குறைவு. இந்த வேலையில் இல்லாதவர்களுக்கு ஒரு விஷயம்: நீண்ட பட்டினியில் இருப்பவருக்கு முதல் நாள் ரிப்போர்ட் பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும், சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் சரியும், பல இடங்களில் வழக்கமான எலக்ட்ரோலைட் (தாது உப்பு) பரிசோதனையில் பாஸ்பேட் வருவதுமில்லை, தனியாக எழுதிக் கேட்க வேண்டும். நான் கேட்டிருந்தேன். அந்த 2.3-ஐப் பார்த்ததும் எனக்கு வந்தது கவலை இல்லை, நிம்மதி. பார்த்தீர்களா, நான் சொன்னேனே என்கிற நிம்மதி. ஒரு மனிதரின் இரத்தத்தில் பாஸ்பேட் குறைந்ததற்கு மனசுக்குள் சந்தோஷப்பட்டிருக்கிறேன். பாலாடையைவிட இதுதான் எனக்கு உறுத்துகிறது.

டியூட்டி டாக்டர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "15 சதவீதம்தானே மேடம், லேப் ஏற்ற இறக்கமாகக்கூட இருக்கும்" என்றபடியே பாஸ்பேட் எழுதிக் கொடுத்தார். ஏற்றினோம், சரியாயிற்று, கலோரியைப் படிப்படியாகக் கூட்டினோம், அவர் நடந்துதான் வீட்டுக்குப் போனார். இதில் எது என் ஜாக்கிரதையால் நடந்தது, எது பாஸ்பேட் ஏற்றியதால், எது எப்படியும் நடந்திருக்கும் என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. வராத ஆபத்தை யாரிடம் காட்டுவது? முதல் நாளே அவருக்கு வயிறு நிறையக் கொடுத்து ஒன்றும் ஆகாமல் போயிருக்கலாம். அப்படியென்றால் அந்த மனிதர் சும்மா பட்டினி கிடந்திருக்கிறார், என் கையெழுத்தின் பேரில்.

அந்த 10 எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியாததல்ல. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2006-ல் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு அதிகபட்சம் கிலோவுக்கு 10 கலோரியில் தொடங்கச் சொன்னது. பின்னால் பெரிய ஆய்வுகள் இருந்ததால் சொன்னதல்ல, பெரும்பாலும் நிபுணர்களின் கருத்துதான். அமெரிக்காவின் மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கமான ஆஸ்பென் 2020-ல் அதையே 10 முதல் 20 வரை என்று தளர்த்தியது. 2021-ல் வெளியான ஒரு ஆய்வில், அனோரெக்ஸியாவால், அதாவது எடை கூடிவிடும் என்ற பயத்தில் சாப்பிடாமல் இருக்கும் மனநோயால், மெலிந்த இளம் வயதினரை மருத்துவமனையில் வைத்து நாளைக்கு 2000 கலோரியில் தொடங்கியபோது, 1400-ல் தொடங்கியவர்களைவிடச் சீக்கிரம் தேறினார்கள்; தாது உப்புகள் சரிந்ததிலும் பெரிய வித்தியாசமில்லை. அவர்கள் இளம் வயதினர், தினமும் இரத்தம் பார்க்கப்பட்டவர்கள், என் நோயாளியோ அறுபதைத் தாண்டியவர், ஒப்பிட முடியாது என்று சொல்லலாம். சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்த அம்மாவிடம் பேசும்போது இதில் ஒரு வரிகூட என் குரலில் இல்லை. 10 என்பது கல்லில் செதுக்கியது போலப் பேசினேன்.

சரி, சந்தேகத்தோடு பேசியிருந்தால் மட்டும் அவர் கேட்டிருப்பாரா? பத்தா இருபதா என்று எங்களுக்குள்ளேயே பேச்சு ஓடுகிறது அம்மா என்று சொன்னால், அப்ப இருபதே குடுங்களேன் என்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

சரிவிகித உணவு என்று நாங்கள் வகுப்பெடுக்கும்போது காட்டும் தட்டில் தானியம், பருப்பு, காய், பழம், பால் எல்லாம் அதனதன் பங்கில் இருக்கும். அந்தத் தட்டு தெம்பாக இருக்கிறவர்களுக்கானது. தினசரி இவ்வளவு தேவை என்று போடும் பட்டியல்கூட, ஆரோக்கியமானவர்களில் 97-98 சதவீதம் பேருக்குப் போதுமான அளவு என்றுதான் வரையறுக்கப்பட்டிருக்கிறது. அந்த "ஆரோக்கியமானவர்களில்" என்பதை வகுப்பில் வேகமாகத் தாண்டிப் போய்விடுவேன், வார்டிலோ என் வேலை முழுக்க அந்தப் பட்டியலுக்கு வெளியே இருப்பவர்களிடம்தான். அதே குளுக்கோஸ், அதே தட்டு, ஒருவருக்கு உணவு, இன்னொருவருக்கு அபாயம். படித்தவளுக்கே இது ஜீரணமாகச் சில வருடம் பிடித்தது, கட்டிலோரம் நின்றுகொண்டிருந்தவருக்கு இரண்டு நிமிடத்தில் புரிய வேண்டும் என்று எதிர்பார்த்தது கொஞ்சம் அதிகம்தான்.

இப்போது முதல் நாள் அளவில் பாலைக் கொஞ்சம் முன்னே தள்ளுகிறேன், 200 மில்லியில் 120 கலோரி போல வரும், பாஸ்பேட்டும் கூடவே போகும், குடித்த திருப்தியும் இருக்கும். வீட்டார் கேட்டால் பட்டறைக் கதை சொல்வதில்லை; "நாளைக்கு இதைவிடக் கூடக் கொடுப்போம், நாளன்னைக்கு இன்னும் கூட, அவர்கிட்ட இதையே சொல்லுங்க" என்று சொல்கிறேன். சிலருக்கு 10-க்குப் பதில் 15 எழுதுகிறேன், பாஸ்பேட்டை ஒரு நாளைக்கு இரண்டு முறை பார்க்கச் சொல்லிவிட்டு. போன மாதம் ஜூனியர் பெண் ஒருத்தி, "மேடம், யாருக்குப் பத்து, யாருக்குப் பதினைந்து, எதை வைத்து முடிவு செய்றீங்க?" என்று கேட்டாள். எடை, பட்டினி கிடந்த நாட்கள், பொட்டாசியம் என்று வரிசையாகச் சொன்னேன், எழுதிக்கொண்டாள். கட்டிலோரம் யார் நின்று என்ன கேட்கிறார்கள் என்பதும் அந்தக் கணக்கில் வருகிறதோ என்று எனக்கே ஒரு சந்தேகம் உண்டு, அதை அவளிடம் சொல்லவில்லை.