திருநின்றவூரில் அரை நாள்

சித்தி திருநின்றவூருக்குக் குடிபோய் இரண்டு வருஷம் ஆகிறது. நேற்றுதான் போக வாய்த்தது. சென்ட்ரலில் திருவள்ளூர் வண்டி. ஆவடியில் பாதிப் பெட்டி காலியாகி, ஜன்னல் சீட் கிடைத்தது. இந்துக் கல்லூரி, பட்டாபிராம், நெமிலிச்சேரி, அப்புறம் இறங்க வேண்டியதுதான்.

சித்தி வீட்டுத் தெருவில் மூன்று வீடு, நாலு காலி மனை. மனைக்கல்லின் மேல் ஒரு ஆடு ஏறி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. "ராத்திரி தவளைச் சத்தம்தான்டா, டிவியே கேக்காது" என்றார் சித்தி. குறையாகச் சொன்னாரா பெருமையாகச் சொன்னாரா தெரியவில்லை.

சாயங்காலம் இருதயாலீஸ்வரர் கோயிலுக்கு நடந்தோம். கையில் காசில்லாமல் மனசுக்குள்ளேயே கல் கல்லாகக் கோயில் கட்டிய பூசலாரின் ஊர் இது. காஞ்சியில் நிஜக் கோயில் கட்டிய பல்லவ ராஜாவிடம், குடமுழுக்கை வேறு நாளில் வைத்துக்கொள், அன்றைக்குப் பூசலார் கோயிலுக்குப் போகிறேன் என்று சிவன் கனவில் சொன்னாராம். கருவறையில் லிங்கத்துக்குப் பக்கத்திலேயே பூசலாரும் இருக்கிறார். இதய நோய்க்காரர்கள் வேண்டிக்கொள்ள வருகிறார்கள். ஆபரேஷனுக்கு நாள் குறித்த ஒருவர், ஃபைலோடு வந்து அர்ச்சனைத் தட்டில் வைத்தார். அர்ச்சகர் ஒன்றும் கேட்காமல் அதன் மேல் ஒரு பூவை வைத்துக் கொடுத்தார்.

பெருமாள் கோயிலுக்கும் போனோம். தாயார் பெயர் 'என்னைப் பெற்ற தாயார்'. சித்தி அங்கே கொஞ்சம் அதிக நேரம் நின்றார்.

கிளம்பும்போது பை நிறைய முருங்கைக்கீரை. ரயிலில் பக்கத்து சீட் அம்மா பாதியை ஆய்ந்து கொடுத்துவிட்டார்.