சுண்ணாம்பில் போன மூன்று வாரம்

போன வாரம் வைவா முடிந்தது. காலேஜ் பையில் மீன் வறுத்த எண்ணெய் வாடை மட்டும் இன்னும் போகவில்லை. பழைய சமையல் எண்ணெயிலிருந்து பயோடீசல் எடுப்பதுதான் எங்கள் கடைசி வருட புராஜெக்ட். செய்முறை தெரிந்ததுதான்: எண்ணெய், மெத்தனால், கேட்டலிஸ்ட் (வினையூக்கி), 60 டிகிரி சூடு, ஒரு மணி நேரக் கலக்கல். மேலே பயோடீசல் நிற்கும், அடியில் கிளிசரின் இறங்கும். எந்தக் கேட்டலிஸ்ட் என்ற இடத்தில்தான் வழுக்கி விழுந்தோம்.

எண்ணெய் சுலபமாகக் கிடைத்தது. தண்டையார்பேட்டை பஜ்ஜிக் கடை அக்கா, "இன்னாத்துக்கும்மா இந்தக் கருப்பு எண்ணெ?" என்று கேட்டுக்கொண்டே மூன்று லிட்டர் ஊற்றினார். காசிமேட்டு மீன் வறுவல் வண்டியில் இன்னொரு கேன். மெத்தனால் காலேஜ் ஸ்டாக்கில் இருந்து, கையெழுத்துப் போட்டு வாங்கினோம். வெளியில் வாங்கலாம் என்று கிளம்பாதீர்கள். லைசென்ஸ் கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். 2024 கள்ளக்குறிச்சி மெத்தனால் சாராயச் சாவுகளுக்குப் பிறகு இதை விளக்க வேண்டியதில்லை.

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தில் எல்லோரும் செய்வதுதானே, நாம் கிளிஞ்சலில் செய்வோம் என்று சொன்னது நான்தான். காசிமேட்டில் கிளிஞ்சல் சும்மா கிடக்கிறது. 900 டிகிரியில் சுட்டால் கால்சியம் ஆக்சைடு. எண்ணெயில் கரையாது, வடிகட்டித் திரும்பப் பயன்படுத்தலாம், கழுவும் தண்ணீரும் குறையும். கட்டுரைகளில் படிக்கும்போது எல்லாம் சர்க்கரையாக இனித்தது.

900 டிகிரிக்கு மஃபிள் ஃபர்னஸ் என்ற லேப் உலை வேண்டும். அது பக்கத்து டிபார்ட்மென்டில் இருந்தது. லேப் அசிஸ்டென்ட் லெட்டர் கேட்டார். கொடுத்தோம். எங்கள் எச்.ஓ.டி. கையெழுத்து மட்டும் போதாது, அவர்கள் எச்.ஓ.டி.யும் போட வேண்டும் என்றார். அவரோ லீவு. நாலு நாள் கழித்து வாங்கிக்கொண்டு போனால், "தேதி பழசா இருக்கே, புதுசா எழுதிக் குடும்மா." அன்று மாலை பீச் ஸ்டேஷன் வரை யாரோடும் பேசவில்லை.

ஒருவழியாகச் சுட்டோம். அடுத்த தப்பு முழுக்க என்னுடையது. சுட்ட பொடியை ஈரம் புகாத டெசிகேட்டர் ஜாடியில் வைக்காமல் பிளாஸ்டிக் கவரில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கார்த்திகை மாத மழை, கடற்கரைக் காற்று. கால்சியம் ஆக்சைடு ராத்திரியெல்லாம் ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் குடித்துவிட்டது. ஆயா கவரைப் பிரித்துப் பார்த்து, "சுண்ணாம்பா? இதுக்கு எதுக்குடி அடுப்புல சுட்ட, வெத்தல கடையில கேட்டா குடுப்பானே" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. வெற்றிலைச் சுண்ணாம்பு நீர்பட்ட கால்சியம் ஹைட்ராக்சைடுதான். என் கேட்டலிஸ்டும் பாதிக்கு மேல் அதுவாகத்தான் மாறியிருந்தது. மூன்று மணி நேரம் கலக்கியும் கிளிசரின் ஒரு விரற்கடை கூட இறங்கவில்லை.

சரி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடே போதும் என்று ரசாயனக் கடைகள் இருக்கும் நைனியப்ப நாயக்கன் தெருவுக்குப் போனோம். முதல் கடையில் சீல் உடைந்த பாட்டில். "அதெல்லாம் ஒண்ணும் ஆவாதும்மா." ஆனது. வில்லைகள் ஈரம் குடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்ததை வீட்டில்தான் கவனித்தேன். எண்ணெயில் போட்டதும் தயிர் மாதிரி உறைந்து சோப்பாகிவிட்டது. வில்லை உலர்ந்து, ஆட்டினால் கலகலவென்று ஓட வேண்டும், இல்லையென்றால் வாங்காதீர்கள். சோடியம் ஹைட்ராக்சைடு இன்னும் மலிவுதான், ஆனால் அதில் கிளிசரின் கீழே கட்டியாக இறுகிவிடும். பொட்டாசியத்தில் திரவமாகவே இருந்து குழாயைத் திறந்தால் இறங்கிவிடும். மெத்தனாலில் சீக்கிரம் கரைவதும் இதுதான்.

புது பாட்டிலோடு வந்தபோது கைடு மேடம் ஒரே கேள்வி கேட்டார்: "டைட்ரேட் பண்ணீங்களா?" இல்லை. மூன்று வாரத்தில் எண்ணெயை யாருமே கேட்கவில்லை, அதற்கு எந்தக் கேட்டலிஸ்ட் ஒத்துவரும் என்று.

டைட்ரேட் என்றால், சொட்டுச் சொட்டாகக் காரம் விட்டு எண்ணெயில் எவ்வளவு ஆசிட் இருக்கிறது என்று அளப்பது. ஒரு மில்லி எண்ணெய், 10 மில்லி ஐசோபுரோபைல் ஆல்கஹால், நிறம் காட்ட ரெண்டு சொட்டு பினாப்தலின். லிட்டருக்கு ஒரு கிராம் ஹைட்ராக்சைடு கரைத்த தண்ணீரை, ரோஸ் நிறம் நிற்கும்வரை சொட்ட வேண்டும். இந்தக் கரைசலையும் அதே பாட்டில் வில்லையில் செய்யுங்கள், அப்போது தூய்மை வித்தியாசம் இந்தச் சொட்டுக் கணக்கில் தானே அடங்கிவிடும். பஜ்ஜி எண்ணெய்க்கு 2.4 மில்லி இறங்கியது. அதாவது வழக்கமான அளவுக்கு மேல் லிட்டருக்கு 2.4 கிராம் கூடுதல். எண்ணெய் கெடும்போது பிரிந்து வரும் ஃப்ரீ ஃபேட்டி ஆசிட் ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டியிருந்தது, சமாளிக்கலாம். மீன் எண்ணெய்க்கு 7.5 மில்லி. அதில் காரத்தைக் கூட்டக் கூட்ட சோப்புதான் கூடும். முதலில் கந்தக அமிலமும் மெத்தனாலும் சேர்த்து அந்த ஆசிட்டை எஸ்டராக்கி (அதுவும் பயோடீசல்தான்), வருகிற தண்ணீரை நீக்கிவிட்டுத்தான் காரத்துக்கு வர வேண்டும். கிளிஞ்சல் பொடி நல்ல நிலையில் இருந்திருந்தாலும் அந்த எண்ணெயில் கால்சியம் சோப்பாகத்தான் போயிருக்கும்.

பஜ்ஜி எண்ணெயை 110 டிகிரிக்குச் சூடாக்கி ஈரத்தை விரட்டி, ஆறவிட்டு, அளந்து போட்டோம். மெத்தனால் 64.7 டிகிரியில் கொதிக்கும், 60ஐத் தாண்டவிடவில்லை. பிரிந்த பயோடீசலைத் தண்ணீரில் கழுவ வேண்டும். முதல் கழுவலில் ஃபனலைக் குலுக்கினால் பால் மாதிரி ஆகிவிடும், வெந்நீரை மெல்ல ஊற்றினாலே போதும். எண்ணெய் முழுக்க மாறியதா என்று பார்க்க, 27 மில்லி மெத்தனாலில் 3 மில்லி பயோடீசலை விட்டபோது அடியில் கரையாமல் ஒரு சொட்டு எண்ணெய் நின்றது. கொஞ்சம் மெத்தனாலும் ஹைட்ராக்சைடும் சேர்த்து மறுபடி ஓட்டினோம். அடுத்த முறை குழாய் கண்ணாடியாகத் தெளிந்தது. லேபில் விசிலடித்ததற்குத் திட்டு வாங்கினோம்.

மீன் எண்ணெய் கேன் இன்னும் எங்கள் மொட்டை மாடியில் இருக்கிறது. தண்டையார்பேட்டைப் பக்கம் யாருக்காவது புராஜெக்டுக்கு வேண்டுமென்றால் சொல்லுங்கள். கந்தக அமிலம் உங்களுடையது.