மாத்திரையோடு மாத்திரை

ஜூன் 4
மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராம் 10 மில்லிகிராம், தினமும் காலையில். இன்று இடுப்புப் பிடிப்பு வேறு. ஐபுப்ரோஃபென் வாங்கப் போனேன். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். சொன்னதும் அட்டையைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு, "முதலில் பாராசிட்டமால் போட்டுப் பாருங்கள்" என்றார். காரணமும் சொன்னார். காயத்தை அடைக்கும் ரத்தத் தட்டணுக்கள் செரோடோனின் என்ற வேதிப்பொருளைத் தாமாகத் தயாரிப்பதில்லை, ரத்தத்திலிருந்து இழுத்துச் சேமிக்கின்றன. என் மாத்திரை அந்த இழுப்பைத்தான் தடுக்கிறது, அதனால் ரத்தம் உறைவது மந்தமாகலாம். ஐபுப்ரோஃபெனோ வயிற்றின் உட்பூச்சைப் பலவீனமாக்கும். இரண்டும் சேர்ந்தால் இரைப்பையில் ரத்தம் கசியும் வாய்ப்பு கூடுகிறது.

ஜூன் 9
சளி, இருமல். சிரப் புட்டியின் முன்பக்கம் முழுக்க விளம்பரம். பின்பக்கம் எறும்பு எழுத்தில் டெக்ஸ்ட்ரோமெதார்பன். அதுவும் என் மாத்திரையைப் போல செரோடோனினைக் கூட்டும் வகைதான். வலிக்குத் தரும் டிராமடால், ஒற்றைத் தலைவலிக்கான சுமாட்ரிப்டான் எல்லாம் என் மாத்திரையோடு சேர்ப்பதற்கான எச்சரிக்கைப் பட்டியலில் உண்டு. எனக்கு ஆச்சரியம் லினெசோலிட்: கிருமிக்கொல்லி மருந்து, ஆனால் செரோடோனினைச் சிதைக்கும் நொதியையும் அடக்கிவிடுகிறது. உடம்பில் செரோடோனின் அளவு மீறினால் நடுக்கம், வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு, தசைத் துடிப்பு, மனக்குழப்பம் வரும். கடுமையானால் காய்ச்சல் ஏறி உயிருக்கே ஆபத்து. காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டியது அது. சிரப் வேண்டாம், வெந்நீர் போதும்.

ஜூன் 11
லிபி சையன் பற்றிப் படித்தேன். 18 வயது மாணவி, 1984, நியூயார்க். மனச்சோர்வுக்கு ஃபெனல்சின் எடுத்துக்கொண்டிருந்தவருக்கு மருத்துவமனையில் பெத்திடின் என்ற வலிநிவாரணி கொடுத்தார்கள். சில மணி நேரத்தில் இறந்துபோனார். இரண்டு மருந்தும் மோதியதே காரணம் என்று பரவலாகக் கருதப்படுகிறது. பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் 80 மணி நேர வரம்பு அந்த மாநிலத்தில் வந்தது இதன் தொடர்ச்சியாகத்தான். நல்லதே. ஆனாலும் வேலை நேரத்தைப் பற்றிப் பேசிய அளவுக்கு அந்த மருந்து ஜோடியைப் பற்றி யாரும் பேசவில்லையோ என்று தோன்றுகிறது.

ஜூன் 13
இதையெல்லாம் கேட்ட அக்கா, "பேசாமல் மாத்திரையை விட்டுவிட்டு மூலிகைக்கு மாறிடு" என்கிறாள். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் மின்சாரம் அடித்தாற்போன்ற அதிர்வும் வரலாம். அவள் சொல்லும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டும் செரோடோனினைத்தான் தொடுகிறது. போதாக்குறைக்குக் கல்லீரல் நொதிகளை முடுக்கி, கருத்தடை மாத்திரையின் வீரியத்தைக்கூடக் குறைத்துவிடும். மூலிகைதானே என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ஜூன் 18
மருத்துவரைப் பார்த்தேன். நெஞ்செரிச்சலுக்கு நான் போடும் ஒமெப்ரசோல், எஸ்சிட்டலோபிராமைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை மந்தப்படுத்துமாம். அதனால் அதே 10 மில்லிகிராம் உடம்பில் கூடுதலாகத் தங்கும். வேறொன்றுக்கு மாற்றித் தந்தார். இந்த நொதி விவகாரம் எதிர்ப்பக்கமும் வேலை செய்யும் என்றார். என் மாத்திரையின் இனமான ஃப்ளூவாக்ஸ்டின் சாப்பிடுபவருக்கு வலிக்குக் கோடீன் கொடுத்தால் வலி சரியாகக் குறையாது. கோடீனை மார்ஃபினாக மாற்றும் நொதியை ஃப்ளூவாக்ஸ்டின் முடக்கிவிடுகிறது. மார்பகப் புற்றுக்கான டமாக்சிஃபெனுக்கும் அதே சிக்கல். ஃப்ளூவாக்ஸ்டினை நிறுத்தினாலும் சுலபத்தில் உடம்பை விட்டுப் போகாது, ஃபெனல்சின் வகைக்கு மாற 5 வாரமாவது பொறுக்க வேண்டும்.

எஸ்சிட்டலோபிராம் சிலருக்கு இதயத் துடிப்பின் மின் இடைவெளியை நீட்டும். அசித்ரோமைசின் போன்ற கிருமிக்கொல்லிகள் கூடச் சேர்ந்தால் இன்னும் நீளலாம். எனக்கு இசிஜி எழுதித் தந்திருக்கிறார். நாளைக் காலை போக வேண்டும்.