கர்ப்பப்பைக்குப் பின்னால்

திண்டுக்கல்லில் ஒரு ஸ்கேன் மையத்தில் பதினாறு ஆண்டுகளாக மருத்துவராகப் பணிபுரிகிறேன். காலை எட்டு மணிக்கெல்லாம் வெளிப் பெஞ்சில் பெண்கள் ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு, கால்களை ஒட்டி வைத்துக்கொண்டு, தங்கள் பெயர் எப்போது கூப்பிடப்படும் என்று கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். ஒருவருக்கு ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டால் வெளியே இருக்கும் அத்தனை பேரும் என்னைச் சபிப்பார்கள். அந்த அவசரத்துக்கு ஈடுகொடுக்க எங்கள் கணினியில் ஒரு பத்தி எப்போதும் தயாராக இருந்தது. கர்ப்பப்பை இயல்பான அளவில் உள்ளது, இரு சினைப்பைகளும் இயல்பாக உள்ளன, கட்டி எதுவும் இல்லை, பின்புறம் நீர் சேரவில்லை என்று ஆங்கிலத்தில் நான்கு வரிகள். ஒரு பொத்தானைத் தட்டினால் அவை வந்து விழும். அளவுகளை மட்டும் நிரப்பிக் கையெழுத்திட வேண்டியதுதான்.

2018-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் இருபத்தேழு வயதுப் பெண் ஒருவர் ஜவுளிக்கடைப் பை ஒன்றில் தம் பழைய அறிக்கைகளை எல்லாம் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார். திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகியும் குழந்தை இல்லை என்பதற்காக அனுப்பப்பட்டிருந்தார். பதினெட்டு வயதிலிருந்து நூல் மில்லில் வேலை. மாதவிடாய் நாட்களில் நிற்க முடியாமல் போகும்போது மில்லில் ஒரு மாத்திரை கொடுப்பார்கள் என்றும், அதைப் போட்டுக்கொண்டு மறுபடி மெஷினுக்குப் போய்விடுவார் என்றும் சொன்னார். பையில் நான்கு அறிக்கைகள் இருந்தன. இரண்டில் என் கையெழுத்து.

"எல்லாம் நார்மல்னு நீங்கதான் மேடம் போட்டிருக்கீங்க. அப்ப இந்த வலி எங்கேருந்து வருது?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அன்று இடது சினைப்பையில் ஐந்து சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி தெளிவாகவே தெரிந்தது. ஸ்கேனில் சாதாரண நீர்க்கட்டி கன்னங்கரேலென்று இருக்கும். இதுவோ பனி படிந்த கண்ணாடியைப் போல ஒரே சீரான சாம்பல் நிறத்தில் இருந்தது. பழைய இரத்தம் தேங்கிக் கெட்டியாகி, திறந்தால் சாக்லேட் குழம்பாக வெளிவரும் என்பதால் அதற்குச் சாக்லேட் கட்டி என்றே பெயர். எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய் சினைப்பைக்குள் வளரும்போது வரும் கட்டி அது. ஆனால் என்னை உறுத்தியது அந்தக் கட்டி அன்று. அவர் போன பிறகு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானே எடுத்த அவருடைய படங்களைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அப்போது கட்டி இல்லை. ஆனால் இரண்டு சினைப்பைகளும் தத்தம் பக்கத்தில் இல்லாமல், கர்ப்பப்பைக்குப் பின்னால் இழுபட்டு வந்து ஒன்றையொன்று ஏறத்தாழத் தொட்டுக்கொண்டிருந்தன. நான் இரண்டின் நீள அகலங்களை அளந்து, அளவு சரியாக இருந்ததால் இயல்பு என்று எழுதியிருந்தேன். அளவைப் பார்த்த நான் இடத்தைப் பார்க்கவில்லை.

எண்டோமெட்ரியோசிஸ் என்பது கர்ப்பப்பையின் உள்வரிச் சவ்வை ஒத்த திசு, இருக்க வேண்டிய இடத்தை விட்டு வெளியே வளர்வது. சினைப்பையின் மேல், கர்ப்பப்பையைப் பின்புறம் தாங்கும் நார்களில், மலக்குடலின் மேல், சிறுநீர்ப்பையில், சில சமயம் சிசேரியன் தழும்பில்கூட அது வளரும். மாதந்தோறும் ஹார்மோனுக்கு ஏற்ப அதுவும் பருத்துக் கசியும். ஆனால் வெளியேற வழி இல்லாததால் சுற்றியுள்ள இடம் புண்பட்டு, அழன்று, நாளடைவில் உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். மாதவிடாய் இரத்தத்தில் ஒரு பகுதி கருக்குழாய் வழியாகப் பின்னோக்கிப் போய் வயிற்றுக்குள் விழுவதால்தான் இது வருகிறது என்று அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1927-இல் எழுதினார். பெரும்பாலான பெண்களுக்கு அப்படிப் பின்னோக்கிப் போகத்தான் செய்கிறது, ஆனால் சிலருக்கு மட்டுமே நோய் வருகிறது என்பதால் அவருடைய விளக்கம் மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறக்குறைய 10 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 19 கோடிப் பேருக்கு, இது இருக்கிறது. என் பெஞ்சில் ஒரு நாளில் முப்பது பெண்கள் உட்கார்ந்தால் மூன்று பேர் என்று வைத்துக்கொண்டாலும், ஓர் ஆண்டில் நான் எத்தனை பேரை நார்மல் என்று அனுப்பியிருப்பேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, பாதியில் நிறுத்திவிட்டேன்.

இந்த நோய்க்காக ஸ்கேன் செய்யும்போது எவற்றை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று பல நாட்டு வல்லுநர்கள் கூடி 2016-இல் ஒரு முறையை வகுத்து வெளியிட்டிருந்தார்கள். அதை நான் படித்தது இந்தப் பெண் வந்துபோன பிறகுதான். முதலில் கர்ப்பப்பையும் சினைப்பைகளும்; இது எல்லோரும் செய்வது. அடுத்து, பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் உள் ஸ்கேனில் கருவியின் நுனியால் ஒவ்வோர் இடமாக மெல்ல அழுத்தி, எங்கே வலிக்கிறது என்று கேட்க வேண்டும். சினைப்பை அசைகிறதா, ஒட்டிக் கிடக்கிறதா என்றும் தள்ளிப் பார்க்க வேண்டும். மூன்றாவது, கர்ப்பப்பை மலக்குடலின் மேல் வழுக்குகிறதா என்பது. நான்காவது, குடல், சிறுநீர்ப்பை, பின்புற நார்கள் ஆகியவற்றில் முடிச்சுகள் உள்ளனவா என்று தேடுவது.

மூன்றாவதைத்தான் கற்றுக்கொள்ள எனக்கு அதிக நாளாயிற்று. லைனிங் வைத்துத் தைத்த ஜாக்கெட்டின் மேல்துணியை விரலால் நகர்த்தினால் உள்துணியின் மேல் அது நழுவிப் போகும் அல்லவா, ஆரோக்கியமான பெண்ணிடம் கர்ப்பப்பையும் மலக்குடலும் திரையில் அப்படித்தான் நழுவும். நோய் முற்றியவரிடம் இரண்டு துணிகளுக்கும் நடுவே பசை தடவியதைப் போல, கருவியால் தள்ளினால் இரண்டும் சேர்ந்தே அசையும். இதை நிலைப்படத்தில் பிடிக்க முடியாது. அசைத்துப் பார்த்தால்தான் தெரியும். பத்தாண்டு காலம் நான் படங்களை உறைய வைத்து அளந்துகொண்டிருந்தேன்.

திருமணமாகாத பெண்களிடம் இதில் பாதியைச் செய்ய முடிவதில்லை. உள் ஸ்கேன் என்ற சொல்லைக் கேட்டதுமே தாய்மார்களின் முகம் மாறிவிடும். அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வருவதில்லை. வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் பெரிய கட்டி தெரியுமே ஒழிய, ஒட்டலும் சிறு முடிச்சும் எளிதில் தெரியா. ஆசனவாய் வழியாகப் பார்க்கலாம், வசதி உள்ளவர்கள் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். எதை எடுத்தாலும் வயிற்றின் உள்சவ்வில் கடுகளவில் சிதறிக் கிடக்கும் நோய் படத்தில் தெரியாமல் போகலாம். ஆகவே "இந்த ஸ்கேனில் தெரியாததால் எண்டோமெட்ரியோசிஸ் இல்லை என்று கொள்ள இயலாது" என்ற வரியை, வலிக்காக வருபவர்களின் அறிக்கையில் சேர்க்கத் தொடங்கினேன். நோயாளிகளை அனுப்பும் மருத்துவர்களில் இருவர் தொலைபேசியில் அழைத்து, இப்படி எழுதினால் நாங்கள் என்ன செய்வது என்று கேட்டார்கள். 2022-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலே ஸ்கேன் இயல்பாக இருப்பதை வைத்து நோயை மறுக்கக் கூடாது என்கிறது. சந்தேகம் இருந்தால், வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்க்கும் லேப்ராஸ்கோப்பிக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கிப் பார்க்கலாம் என்றும் சொல்கிறது. ஒருவர் ஏற்றுக்கொண்டார். இன்னொருவர் எங்கள் மையத்துக்கு ஆள் அனுப்புவதைக் குறைத்துக்கொண்டார்.

சிகிச்சை தருவது என் வேலை அன்று. ஆனால் அதன் விளைவுகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை என் திரைக்கு வந்துசேர்கின்றன. தினம் 2 மில்லிகிராம் டையனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொள்பவர்களிடம் சாக்லேட் கட்டி மெல்லச் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன். முதல் சில மாதங்கள் விட்டுவிட்டு உதிரம் படும், அதற்குப் பயந்து பலர் நிறுத்திவிடுகிறார்கள். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தொடர்ந்திருப்பார்கள். கருத்தடை மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம், சினைப்பையின் ஹார்மோன் சுரப்பை அடக்கும் லியூப்ரோலைட் ஊசி என்று வேறு வழிகளும் உண்டு. இவற்றில் எதுவும் நோயை வேரோடு எடுப்பதில்லை, அடக்கித்தான் வைக்கிறது. பிள்ளைக்காகக் காத்திருக்கும் பெண்ணுக்கு இவை உதவுவதும் இல்லை. ஏனெனில் வலியை அடக்கும் இந்த ஹார்மோன்கள் பெரும்பாலும் கருமுட்டை வெளிவருவதையும் நிறுத்திவிடும். வலி ஒரு பக்கம் இழுக்க, பிள்ளை ஆசை மறுபக்கம் இழுக்க, இந்த நோயாளிகளுக்குக் கிடைக்கும் அறிவுரையோ "ஒரு குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்பது. கர்ப்பக் காலத்தில் மாதவிடாய் நிற்பதால் சிலருக்கு வலி ஓய்ந்திருக்கலாம். அது சிகிச்சை ஆகாது.

அறுவை சிகிச்சையிலும் கணக்கு உண்டு. கட்டியின் தோலை உரித்தெடுக்கும்போது சினைப்பையின் நல்ல திசுவும் கொஞ்சம் சேர்ந்து போகிறது. இரண்டு முறை, மூன்று முறை அறுவை செய்துகொண்டு வருபவர்களின் சினைப்பையில் முட்டைப் பைகளை எண்ணும்போது ஒன்று, இரண்டு என்பதோடு என் எண்ணிக்கை நின்றுவிடும். முப்பது வயதுக்காரரின் திரையில் அதைப் பார்ப்பது கொடுமை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாயை இந்த நோய் வெளியிலிருந்து நெரித்தால், வலியே இல்லாமல் சிறுநீரகம் வீங்கிச் செயலிழக்கக் கூடும். மலக்குடல் பக்கம் முடிச்சு தெரிந்தால், கருவியை மாற்றி இரண்டு சிறுநீரகங்களையும் பார்க்காமல் இப்போது நான் யாரையும் எழுந்திருக்க விடுவதில்லை.

அந்த மில் பெண்ணுக்கு மதுரையில் லேப்ராஸ்கோப்பி செய்தார்கள். ஓராண்டுக்குப் பின் ஸ்கேனுக்கு வந்தபோது வலி பாதியாகக் குறைந்திருக்கிறது என்றார். குழந்தையைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கருவியால் அழுத்தி ஒவ்வோர் இடமாகக் கேட்டேன். வலப்புறம் வலிக்கவில்லை. இடப்புறம் பின்னால் அழுத்தியதும், "இங்கதான் மேடம், இந்த இடம்தான். பொறுத்துக்கணுமா, சொல்லணுமா?" என்றார். சொல்ல வேண்டும் என்றேன்.

இப்படிப் பார்க்க ஒருவருக்கு இருபது நிமிடமாவது ஆகிறது. மைய நிர்வாகத்தோடு சில வாரங்கள் மனத்தாங்கல் இருந்தது. கடைசியில் வலிக்காக வருபவர்களை மதியம் இரண்டு மணிக்கு மேல் வரச் சொல்வது என்று ஏற்பாடாகியிருக்கிறது. உள் ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை முட்ட நிரம்பியிருக்கத் தேவை இல்லை என்பதால், அவர்களை யாரும் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்வதில்லை.