வரலாறு படித்தவள் புவியியல் நடத்தக் கற்றது

தமிழ்நாட்டில் சமூக அறிவியல் ஆசிரியராக வருகிறவர்கள் பெரும்பாலும் வரலாறு அல்லது புவியியல் பட்டதாரிகள். ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பாடநூலில் இருப்பவை நான்கு பிரிவுகள்: வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல். நான்கையும் நடத்தப்போகிறவர் ஒருவர்தான். நான் பி.ஏ. வரலாறு. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு அட்லஸைத் தொட்டதில்லை. பி.எட். படிப்பின் இரண்டு ஆண்டுகளில் எனக்கு உண்மையான பயிற்சியாக அமைந்தது, நான் படிக்காத அந்த மூன்று பிரிவுகளோடு மல்லுக்கட்டியதுதான். அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதால் எழுதுகிறேன்.

பி.எட். முன்பு ஓராண்டுப் படிப்பாக இருந்தது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014இல் கொண்டுவந்த விதிமுறைகளுக்குப் பிறகு, 2015 முதல் இரண்டாண்டாகிவிட்டது. கூடிய காலத்தில் பெரும்பங்கு பள்ளியில் செய்யும் பயிற்சிக்குப் போகிறது. இரண்டாண்டிலும் சேர்த்து இருபது வாரங்கள். இது நல்ல மாற்றம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முதலாண்டில் கற்றல் உளவியல், கல்வியும் சமூகமும் போன்ற தாள்கள் உண்டு. தேர்வுக்குப் படித்தோம், எழுதினோம். அங்கே மனத்தில் நின்றது நுண்ணிலைக் கற்பித்தல். சக மாணவர்களே குழந்தைகளாக உட்கார்ந்திருக்க, ஒரே ஒரு திறனை மட்டும் எடுத்துக்கொண்டு ஆறு நிமிடம் நடத்த வேண்டும். ஆறு நிமிடம் குறைகளைக் கேட்க வேண்டும். பன்னிரண்டு நிமிடத்தில் பாடத்தைத் திருத்தி அமைத்து, மறுபடி ஆறு நிமிடம் நடத்தி, மறுபடி ஆறு நிமிடம் குறை கேட்க வேண்டும். ஒரு சுற்று 36 நிமிடம். வினாக் கேட்கும் திறனுக்கான சுற்றில் எங்கள் பேராசிரியை கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார். கேள்வி கேட்டதற்கும் நாமே பதிலைச் சொல்லிவிடுவதற்கும் இடையே எத்தனை விநாடி விட்டோம் என்று ஒவ்வொருவருக்கும் எழுதிக் கொடுத்தார். பெரும்பாலானோருக்கு அது ஒன்று அல்லது இரண்டு விநாடி. அன்று முதல், கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு நிற்கப் பழகினோம். வகுப்பறையில் அந்த அமைதியைத் தாங்குவது எவ்வளவு கடினம் என்பது நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இரண்டாமாண்டில் நீடாமங்கலம் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பப்பட்டேன். வழிகாட்டி ஆசிரியை முதல் நாளே கேட்டார்: "என்னம்மா மேஜர்? வரலாறா? அப்படியானால் நீங்கள் பத்தாம் வகுப்புக்குப் புவியியல் எடுங்கள். தெரிந்ததை எப்போது வேண்டுமானாலும் நடத்திக்கொள்ளலாம்." அவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள்.

எனக்கு வந்த பாடம் இந்தியாவின் காலநிலை. ஒரு வாரம் இரவெல்லாம் படித்தேன். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தோடு வருகிறது, மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேற்குச் சரிவில் கொட்டித் தீர்க்கிறது, மலைக்குக் கிழக்கே இருக்கும் நாம் மழை மறைவுப் பகுதியில் இருப்பதால் நமக்குக் கிடைப்பது குறைவு, நம்முடைய பெருமழை அக்டோபருக்கு மேல் வடகிழக்குப் பருவக்காற்றில்தான். படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, நன்றாகவே நடத்தினேன். முடித்தபோது இரண்டாவது பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"டீச்சர், இப்போது நமக்கு மழை குறைவு என்றால், ஆடிப்பெருக்குக்கு மட்டும் ஆற்றில் எப்படித் தண்ணீர் பெருகி வருகிறது?"

அதைவிடச் சிறந்த கேள்வியை நான் இன்றுவரை வகுப்பில் கேட்டதில்லை. அந்தப் பிள்ளைகள் காவிரியின் கிளையாறான வெண்ணாற்றின் கரையில் வளர்ந்தவர்கள். நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாறு பிரிந்து பாமணியாறும் கோரையாறும் தனித்தனியே கிளம்புவதைத் தினமும் பார்க்கிறவர்கள். ஊரில் மழை இல்லாத ஆடி மாதத்தில் ஆறு நிறைந்து ஓடுவதைப் பார்த்துவிட்டுப் பாடநூலைப் படிக்கும் பிள்ளை அதைத்தானே கேட்கும்!

கரும்பலகையில் இருந்த படத்தை அழிக்காமல் அதன் மேலேயே வரைந்தோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் குடகு, அங்கே தலைக்காவிரி. அரபிக்கடலுக்கு அத்தனை பக்கத்தில் பிறந்தும், காவிரி மேற்கே இறங்காமல் கிழக்கே திரும்பி, ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடிப் பூம்புகார் அருகே வங்கக் கடலில் சேர்கிறது. தென்மேற்குப் பருவமழை நம் வயலில் அதிகம் பெய்வதில்லைதான். ஆனால் குடகிலும், காவிரியின் துணையாறான கபினி பிறக்கும் வயநாட்டிலும் அது பெய்வதைத்தான் நாம் ஆடியில் ஆறாகப் பார்க்கிறோம். அந்தத் தண்ணீரைத் தேக்கி வைத்துத் தருவது 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை. வழக்கமாக ஜூன் 12 அன்று அதைத் திறப்பது குறுவை நெல் சாகுபடிக்காக. குறுவை, சம்பா, தாளடி என்ற பெயர்களை நான் சொல்வதற்கு முன்பே பிள்ளைகள் மாதத்தோடு சொன்னார்கள்.

அங்கே மணி அடித்தது. ஆனால் மறுநாள் வகுப்பில் ஒரு பையன் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான்: "கர்நாடகத்தில் மழை பெய்தும் அவர்கள் விடவில்லை என்றால்?" புவியியல் வகுப்பு குடிமையியலுக்குள் போய்விட்டது. சென்னை மாகாணத்துக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும் இடையே 1892, 1924 ஆகிய ஆண்டுகளில் ஏற்பட்ட ஒப்பந்தங்கள், 1990இல் அமைந்த நடுவர் மன்றம், அதன் 2007 இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று நிர்ணயித்தது, அதே ஆண்டு காவிரி மேலாண்மை ஆணையம் வந்தது என எல்லாவற்றையும் அவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி, சுமார் 2,831 கோடி லிட்டர் என்று கணக்குப் போட்டபோது வகுப்பே சத்தம் போட்டது. கூட்டாட்சி என்ற சொல்லைத் தனியாக விளக்க வேண்டிய தேவையே வரவில்லை. வரலாறு எனக்குத் தெரிந்த பாடம்தான். ஆனால் 1924 ஒப்பந்தம் பிள்ளைகளின் வீட்டு நெல்லோடு சேர்வதை நானே அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இதில் எதற்கும் பாடக்குறிப்பேட்டில் இடம் இல்லை என்பது என் வருத்தம். ஆயத்தம், ஆர்வமூட்டல், பாடப்பொருள் வழங்கல், வலுவூட்டல், மதிப்பீடு, வீட்டுப்பாடம் என்று கட்டம் போட்டுத்தான் எழுத வேண்டும். செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த குழு என் பதிவேடுகளைப் பார்த்தது. சார்ட் ஓரத்தில் கோடு நேராக இருக்கிறதா, அட்டை ஒட்டியது சுத்தமாக இருக்கிறதா என்பதில் செலவழித்த நேரத்தை, மாணவர்கள் என்ன கேட்டார்கள், நீ என்ன சொன்னாய் என்று கேட்பதில் யாரும் செலவழிக்கவில்லை. திட்டமிடாமல் வகுப்புக்குள் போகக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே பாடக்குறிப்பை அழகான கையெழுத்தில் திரும்பத் திரும்ப எழுதும் இரவுகளில் பாதியையாவது, வரலாற்றுப் பட்டதாரிக்குப் புவியியலும் புவியியல் பட்டதாரிக்கு வரலாறும் கற்பிக்கப் பயன்படுத்தலாம். அந்த இடைவெளியைக் கல்வியியல் கல்லூரிகள் பார்க்காமல் இருப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதி.

படிப்பு முடிந்ததும் ஆசிரியர் தகுதித் தேர்வு, தாள் இரண்டு. மொத்தம் 150 மதிப்பெண். அதில் சமூக அறிவியலுக்கு 60, குழந்தை மேம்பாடு, தமிழ், ஆங்கிலம் ஆகியவற்றுக்குத் தலா 30. பொதுப்பிரிவினருக்குத் தேர்ச்சி 90, இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 82 என்பதுதான் நான் எழுதியபோது இருந்த விதி. அந்த அறுபதில் நான்கு பிரிவுகளும் வருகின்றன. பயிற்சி மையங்களின் கைடுகளை நான் அதிகம் நம்பவில்லை. ஆறிலிருந்து பத்து வரை பாடநூல்களை வரிவிடாமல் படித்தேன். புவியியல் பக்கங்களில் எனக்குத் தயக்கம் வரவில்லை என்றால், அதற்கு அந்தப் பத்தாம் வகுப்புதான் காரணம். தேறிவிட்டேன். ஆனால் 2018 அரசாணைக்குப் பிறகு தகுதித் தேர்வோடு வேலை முடிவதில்லை. நியமனத்துக்குத் தனியாகப் போட்டித் தேர்வு எழுத வேண்டும். அது அவரவர் பட்டப்படிப்புப் பாடத்தில் நடக்கிறது. இப்போது அதற்காக மறுபடி வரலாறு படித்துக்கொண்டிருக்கிறேன்.

பி.எட். இரண்டாமாண்டுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பயிற்சிக்குப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புக் கிடைத்தால், பஸ் வசதியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் பாடத்தில் நெடுநாள் அனுபவமுள்ள ஆசிரியர் இருக்கும் பள்ளி எது என்று சீனியர்களிடம் விசாரியுங்கள். போன முதல் வாரத்திலேயே, உங்களுக்குப் பழக்கமில்லாத பிரிவைக் கேட்டு வாங்கி நடத்துங்கள். அந்த ஊரின் ஆறு, ஏரி, வாய்க்கால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதையும் வகுப்புக்குப் போகும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைகள் அதிலிருந்துதான் கேட்பார்கள்.