புதிதாகக் கட்டிய எஞ்சின் சுற்றவே மறுத்தால்

ஃபுல் எஞ்சின் வேலை முடித்து, ஆயில் ஊற்றி, சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே சத்தம், அதோடு சரி. இந்த இடத்தில் பல பட்டறைகளில் இன்னொரு பேட்டரியை ஜம்பர் போட்டுப் பார்ப்பார்கள். அதற்கும் அசையாவிட்டால் கயிறு கட்டி இழுத்து, மூன்றாவது கியரில் கிளட்சை விடுவார்கள். “ரெண்டு கிலோமீட்டர் ஓடினா லூஸ் ஆயிடும்” என்பார்கள். ஆகும், பேரிங்தான் லூஸ் ஆகும். கையால் சுற்றாத எஞ்சினை வேறு எதனாலும் சுற்ற வைக்கக் கூடாது.

இங்கே சொல்வது மாருதி 800-ன் பழைய எஃப்8பி எஞ்சினை வைத்து: 796 சிசி, மூன்று சிலிண்டர், 68.5 மி.மீ. போர் (சிலிண்டரின் உள் விட்டம்). மற்ற சின்ன பெட்ரோல் எஞ்சின்களுக்கும் வரிசை இதேதான்.

முதலில் கரண்டை முடித்துவிடலாம். மல்டிமீட்டரை பேட்டரி முனைகளில் வைத்துச் சாவியைத் திருப்புங்கள். 12.6 வோல்ட் அப்படியே நின்றால் செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டே போகவில்லை. நல்ல பேட்டரியாக இருந்தும் 8, 9-க்கு விழுந்தால் மோட்டார் இழுக்கிறது, ஆனால் நகர்த்த முடியவில்லை. அடுத்து, சாவியைத் திருப்பிய நிலையிலேயே பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே அளவெடுங்கள். அரை வோல்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பிளாக்குக்குப் பெயின்ட் அடித்துவிட்டு அதன் மேலேயே எர்த் ஒயரைப் பூட்டுவது வழக்கமாக நடப்பது.

எர்த்தும் சரி என்றால் ஸ்பார்க் பிளக் மூன்றையும் கழற்றுங்கள். ஃபேன் பெல்ட்டை எடுங்கள். கியரை நியூட்ரலில் போட்டு, கிராங்க் (பிஸ்டன்களின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) புல்லி போல்ட்டில் நீளக் கைப்பிடி வைத்து, எஞ்சின் ஓடும் திசையிலேயே மெதுவாகத் திருப்புங்கள். எப்படி நிற்கிறது என்பதை வைத்தே பாதி பதில் கிடைத்துவிடும்.

பிளக் இல்லாதபோது சுற்றி, பிளக் போட்டதும் நின்றால் சிலிண்டருக்குள் ஆயிலோ கூலன்ட்டோ தேங்கியிருக்கிறது. அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு வளையும். கொஞ்ச தூரம் சுலபமாக வந்து ‘டங்’ என்று நின்று, திருப்பிச் சுற்றினாலும் இன்னொரு இடத்தில் அதேபோல் நின்றால் ஏதோ இடிக்கிறது: உள்ளே விழுந்த நட்டு, தவறான டைமிங் (வால்வும் பிஸ்டனும் ஒத்து ஓடாதது), நீளம் கூடிய போல்ட். செல்ஃப் மோட்டாரைக் கழற்றியதும் விடுபட்டால் அதன் பல் ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள ரிங் கியரில் மாட்டியிருந்தது. சுற்று முழுக்க ஒரே மாதிரி இறுக்கம், அல்லது அசைவே இல்லை என்றால் பேரிங் (சுழலும் கிராங்கைப் பிடித்திருக்கும் உலோக உறை) பக்கம் போக வேண்டியதுதான்.

அதற்கு முன் ஒரு கேள்வி. கியர்பாக்ஸ் பூட்டுவதற்கு முன் சுற்றியதா? சுற்றியது என்றால் எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் சம்ப்பைத் தொடவே வேண்டாம். கிளட்ச் தட்டைத் திருப்பிப் போட்டால் அதன் நடுப்பகுதி ஃப்ளைவீல் போல்ட்டில் உரசும். கியர்பாக்ஸ் தானாகப் போய் உட்காராமல், போல்ட்டை இறுக்கி இழுத்து உட்கார வைத்திருந்தால் கிராங்க் முன்னால் தள்ளப்பட்டு அதன் முன்பின் நகர்வைத் தடுக்கும் த்ரஸ்ட் வாஷரில் அழுந்தி நிற்கும். கிராங்கின் முன்பின் ஆட்டம் 0.1 முதல் 0.3 மி.மீ. வரை இருக்க வேண்டும். பூஜ்யம் என்றால் கியர்பாக்ஸ் போல்ட்டுகளை இரண்டு மூன்று சுற்று தளர்த்திவிட்டு மறுபடி திருப்பிப் பாருங்கள்.

அங்கேயும் இல்லையென்றால் சம்ப்பை இறக்கி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு கேப்பை (பேரிங்கை மூடி இறுக்கும் பகுதி) மட்டும் தளர்த்துங்கள். திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி இறுக்கி, அடுத்ததுக்குப் போங்கள். முதலில் கனெக்டிங் ராடுகளின் கேப் மூன்று, பிறகு கிராங்கை பிளாக்கில் பிடித்திருக்கும் மெயின் கேப் நாலு. எதைத் தளர்த்தும்போது கை லேசாகிறதோ, வில்லன் அங்கே இருக்கிறான். எல்லாக் கேப்பையும் மொத்தமாக அவிழ்த்தால் இந்தத் துப்பு போய்விடும்.

கழற்றிய பேரிங் ஷெல்லை (பேரிங்கின் அரைவட்டத் தகடு) வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஓரத்தில் மட்டும் மெல்லிய பளபளப்புக் கோடு இருந்தால், கிரைண்டிங்கில் ஜர்னல் (பேரிங்குக்குள் சுழலும் கிராங்கின் பகுதி) மூலையின் வளைவைப் பெரிதாக விட்டிருக்கிறார்கள். ஷெல் அதன் மேல் ஏறி நிற்கிறது. நடுவில் ஒரே புள்ளி மின்னினால் ஷெல்லின் முதுகுப் பக்கம் மணலோ பிசிறோ மாட்டியிருக்கும். 0.05 மி.மீ. தூசி போதும், ஷெல்லுக்கும் ஜர்னலுக்கும் நடுவே உள்ள மொத்த இடைவெளியையும் (கிளியரன்ஸ்) தின்றுவிடும். இணையும் இடத்தில் எதிரெதிர் மூலைகள் தேய்ந்திருந்தால் கேப் திரும்பியிருக்கிறது, அல்லது எண் மாறியிருக்கிறது. இந்த எஞ்சினில் மெயின் கேப் அம்புக்குறி கிராங்க் புல்லியைப் பார்க்க வேண்டும். எண் வரிசையும் புல்லிப் பக்கம் இருந்துதான் தொடங்கும். ஷெல் முழுக்கத் தேய்ந்திருந்தால் அளவே தவறு: 0.25 மி.மீ. கிரைண்டிங் செய்த கிராங்குக்கு, 0.50 மி.மீ. கிரைண்டிங்குக்கான தடித்த ஷெல். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் ஷெல்லின் முதுகில் குத்தியிருப்பதைப் படியுங்கள்.

அளவை உறுதி செய்ய பச்சை பிளாஸ்டிகேஜ் (நசுங்கிய அகலத்தை வைத்து இடைவெளியைக் காட்டும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) வாங்குங்கள். ஆயிலைத் துடைத்து, ஒரு துண்டை ஜர்னலின் நீளவாக்கில் வைத்து, கேப்பை மேனுவல் சொல்லும் டார்க்கில் இறுக்கி, கிராங்கைத் திருப்பாமல் கழற்றி, நசுங்கிய இழையின் அகலத்தை அதனுடன் வரும் அளவுகோலில் பாருங்கள். 0.02 முதல் 0.04 மி.மீ. வந்தால் சரி. அதற்குக் கீழே என்றால் லேத் பட்டறைக்குத் திரும்பப் போகத்தான் வேண்டும். எமரி தாளால் ஜர்னலைத் தேய்க்கும் கைவைத்தியம் வேண்டாம், ஜர்னல் வட்டமே கெட்டுவிடும்.

ஏழு கேப்பிலும் தப்பில்லை, இறுக்கமும் குறையவில்லை என்றால் பிஸ்டன்தான் மிச்சம். பிஸ்டன் ரிங்கை அதே சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, ஃபீலர் கேஜால் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) வாய் இடைவெளியை, அதாவது ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ளதை, அளங்கள். 68.5 மி.மீ. போருக்கு 0.25 மி.மீ. அளவில் இருந்தால் நிம்மதி. வாய் முட்டி நின்றால் ரிங் போரைப் பிடித்துக்கொள்ளும், சூடானால் உடையும்.

திருத்திக் கட்டும்போது ஒவ்வொரு கேப் இறுக்கியதும் ஒரு முழுச் சுற்று திருப்புங்கள். பிஸ்டன் போடாத கிராங்க் விரலால் சுற்ற வேண்டும். எல்லாம் பூட்டியதும் பிளக் இல்லாமல், காயில் ஒயரையும் கழற்றிவிட்டு, பத்து பத்து விநாடியாக செல்ஃப் அடியுங்கள். நடுநடுவே மோட்டார் ஆற விடுங்கள். ஆயில் விளக்கு அணைந்த பிறகுதான் பிளக்கை மாட்ட வேண்டும்.